நனைஞ்சது ஞாபகமில்ல

சன்னலோரம் நீங்களே இருந்துக்கோங்க தங்கச்சி. எனக்கு இந்த நடைவழி ஓரந்தான் வேணும். இங்க இருந்தாத்தான் அவுக தலை தெரியும். அந்தா, டிரைவருக்குப் பின்னால, கட்டம் போட்ட சட்டை, மடியில பை வச்சிருக்காகல்லா, அவுகதான் எங்க வீட்டுக்காரக. தூத்துக்குடியில இருந்தே நிறைஞ்சு வந்த வண்டி. கோவில்பட்டியில நாங்க ஏறும்போது சேந்து உக்கார இடமில்ல.

தலை சாயுதே. தூங்குதாகளா? நீங்க சங்கரங்கோயில்ல முன்வாசல் வழியாத்தான ஏறுனீக, அவுக கண்ணு தொறந்திருந்துச்சா? பாக்கலையா. சரி, இருங்க. திரும்புதாக. என்னைப் பாத்துட்டாக. தூங்கல.

என்னடா இந்தப் பொம்பள, புருசன் தூங்குனா என்ன, முழிச்சிருந்தா என்னன்னு நினைப்பீக. போன வருசம் ஆனி மாசம் வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன். அவுக தூங்குனா எனக்குக் கோவந்தான் வரும், பயம் வராது. ஏன்னா அவுக எங்க தூங்குவாக தெரியுமா? குடும்ப ஜெபத்துல.

நாங்க வேதக்காரக. எம் பேரு ஜெயசீலி. அவுக பேரு மாசிலாமணி, தீப்பெட்டி ஆபீஸ்ல மிசின் ஃபிட்டர். நான் எங்க சபையில பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்குத் தலைவி. பெருமைக்குச் சொல்லல, நான் ஜெபிக்க ஆரம்பிச்சா எதுத்தாப்புல இருக்கவுக கண்ணுல தண்ணி வந்துரும். எங்க சபை ஐயர், அதான் பாதிரியார், அவுக வீட்டம்மாவே சொல்லியிருக்காக. ஆனா எங்க வீட்டுல நான் ஜெபிக்கும்போது இந்த மனுசன் செவுத்துல சாஞ்சுக்கிட்டு குறட்டை விடுவாக. ஆமென்னு நான் சத்தமாச் சொன்னா முழிச்சு அவுகளும் ஒரு ஆமென் சொல்லுவாக. அவ்வளவுதான் அவுக ஜெபம். வாயத் தொறந்து, ஆண்டவரே, இன்னைக்கு இந்தச் சோத்தைக் குடுத்தீரே, இந்தப் பொம்பளையைக் குடுத்தீரே, ஸ்தோத்திரம்னு ஒரு நாள் சொன்னது கிடையாது.

வீட்டுலயும் அப்படித்தான். பேச்சே கிடையாது. காலையில எனக்கு முந்தி எந்திச்சு, காபியப் போட்டு மூடி வச்சுட்டு வேலைக்குப் போயிருவாக. எந்திரி சீலி, காபி போட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் எந்திக்கும்போது ஆறிப்போயிருக்கும். மழைக்காலத்துல சாயங்காலம் சங்கக் கூட்டம் முடியும்போது குடையோட வேதக்கோயில் கேட்டுக்கிட்ட நிப்பாக. உள்ள வரமாட்டாக. மத்தப் பொம்பளைக, ஏன் ஜெயசீலி, உங்க வீட்டுக்காரர் உள்ளயே வரமாட்டாரான்னு கேப்பாக. எனக்கு மானம் போவும். இப்படி ஒரு விசுவாசமில்லாத ஆளோட இத்தனை வருசம்.

எதுக்குச் சொல்ல வந்தேன்னா, போன வருசம் எங்க கலியாணத்துக்கு வெள்ளிவிழா. நான் என்ன நினைச்சேன், நாலுமாவடிப் பக்கம் உபவாச ஜெபக் கூட்டம் நடக்கு, ரெண்டு பேரும் போயி ஸ்தோத்திரம் பண்ணிட்டு வருவோம்னு. இவுக, குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சிருச்சாம், குளிச்சிட்டு வருவமான்னாக. அவுகளா ஒண்ணு வேணும்னு கேட்டதே அபூர்வம். சரின்னு வந்தேன். ஆனா கோவத்தோட. இதே ரூட்டுதான், வழி நெடுக நான் பேசல. அருவிக்கரையில வச்சு வாய் நிக்காமச் சொல்லிப்புட்டேன், இத்தனை வருசம் நல்லா வச்ச கர்த்தருக்கு ஒரு நன்றி சொல்லத் தெரியல, உங்களுக்கு விசுவாசமே கிடையாதுன்னு. நான் சொன்னதுல தப்பு இல்ல தங்கச்சி. சொன்ன இடந்தான் சரியில்ல.

அவுக சட்டையையும் வேட்டியையும் கழத்தி என் கையில குடுத்துட்டு, எண்ணெய் தேச்சுக்கிட்டுப் போனாக. அங்க ஆம்பளைகளுக்குத் தனி, பொம்பளைகளுக்குத் தனி. எனக்குக் குளிக்க மனசில்ல. படிக்கட்டுல துண்டையும் சட்டை வேட்டியையும் வச்சுக்கிட்டு நின்னேன். தண்ணி நல்லா விழுந்துச்சு. அதுக்குள்ள அவுக நிக்கது தெரிஞ்சுது. சிரிச்சாக. இங்க ஒருத்தி வெந்துக்கிட்டு நிக்கா, சிரிப்பைப் பாருன்னு நினைச்சேன்.

வெளிய வந்தாக. என்னைத் தாண்டி நாலு எட்டு போயிட்டாக. கூப்பிட்டேன். திரும்பி, நேரா எங்கிட்ட வந்து, தன் கையப் பாத்தாக, இடுப்புத் துண்டைப் பாத்தாக.

“சீலி, நான் ஏன் நனைஞ்சிருக்கேன்?”

எங் கோவத்தை ஆத்த வேடிக்கை பண்ணுதாகன்னு நினைச்சேன். அருவியில நின்னா நனையாம என்ன செய்யும்னு சொல்லி, துண்டை நீட்டுனேன். வாங்கித் தொடச்சாக. சட்டையப் போட்டு பொத்தானெல்லாம் வரிசையா மாட்டுனாக. வேட்டிய ஒழுங்காக் கட்டுனாக. கட்டிட்டு நிமிந்து, அதே குரல்ல கேட்டாக. சீலி, என் தலை ஏன் நனைஞ்சிருக்கு, நாம எங்க இருக்கோம். சொன்னேன். ஓ, குத்தாலமான்னாக. ஒரு வெத்தலை போடுத நேரம் இருக்காது, திருப்பியும் அதே கேள்வி. அப்பந்தான் அவுக கண்ணைப் பாத்தேன்.

நான் அப்படி ஒரு பயத்தைப் பாத்ததில்ல தங்கச்சி. ஆளு அதே ஆளு. பேச்சு குழறல, வாய் கோணல, என்னைத் தெரியுது, பேரு தெரியுது. ஆனா உள்ள எதுவுமே தங்கல. சொல்லச் சொல்ல வழிஞ்சு போயிக்கிட்டே இருக்கு. சுத்தி ஆளு கூடிட்டாக. ஒருத்தரு பேய் அடிச்சிருக்கும்னாரு. எண்ணெய் தேய்க்கவரு எலுமிச்சம்பழத்தை உச்சியில தேயிங்கன்னாரு. நான் சங்கத் தலைவி, இதையெல்லாம் கண்டிச்சுப் பேசுதவ. அன்னைக்கு எலுமிச்சம்பழம் எங்க விக்குன்னு கேட்டேன். நல்லவேளை, ஒரு ஆட்டோக்காரர், யம்மா, தலையில ஏதாவது ரத்த அடைப்பா இருக்கும், நேரத்தைப் போக்காதீகன்னு சொல்லி எங்களை ஏத்திக்கிட்டாரு. தென்காசி போய்ச் சேருததுக்குள்ள எத்தனை தடவை கேட்டாகன்னு எண்ணல. ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். கடைசியில என் குரலே எனக்கு யாரோ பேசுத மாதிரி இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. கையத் தூக்குங்க, சிரிங்க, நடங்கன்னு எல்லாம் பாத்துச்சு. ஸ்கேன் எடுக்கணும், ஸ்ட்ரோக் இல்லைன்னு தெரிஞ்சாகணும்னுச்சு. ஸ்ட்ரோக் இல்லைன்னா இது தற்காலிக மறதியா இருக்கலாம், சில பேருக்குப் பச்சைத் தண்ணியில திடீர்னு நின்னா வரும், பழசு இருக்கும், புதுசா எதுவும் பதியாது, சில மணி நேரத்துல தானா சரியாயிரும்னுச்சு. நான் கேட்டேன், சரியாகலைன்னா? அந்தப் பிள்ளை பொய் சொல்லல. முதல்ல ஸ்கேன் பாப்போம்மான்னுச்சு.

கோயம்புத்தூர்ல இருக்க எங்க மக பெனிட்டாவுக்குப் போன் போட்டேன். அவ அழுதுக்கிட்டே கிளம்பிட்டா. போனை வச்சதும் இவுக, யாரு, பெனிட்டாவா, காலேஜ் விட்டு வந்துட்டாளான்னாக.

பெனிட்டா காலேஜ் முடிச்சு, கலியாணமாகி, பிள்ளை பெத்து, அந்தப் பிள்ளைக்குப் பல்லு முளைக்குது. வாரம் தவறாம வீடியோ கால்ல அவனுக்கு முன்னால கோமாளி வேலை காட்டுத மனுசன். போன்ல பேரன் போட்டாவக் காட்டுனேன். நல்லாப் பாத்தாக. பாத்துட்டு, மரியாதையா எங்கிட்டயே திருப்பிக் குடுத்து, யாரு வீட்டுப் பிள்ளை, நல்லா இருக்கான்னாக.

அப்பம் எனக்கு ஒரு நினைப்பு வந்துச்சு. பேரன் போயிட்டான். மக கலியாணம் போயிட்டுது. இப்படிப் பின்னாலயே போயிக்கிட்டு இருந்தாகன்னா? எங்க கலியாணத்துக்கும் முந்திப் போயிட்டாகன்னா? அங்க நான் கிடையாதே. இன்னும் கொஞ்ச நேரத்துல என்னைப் பாத்து, நீங்க யாரு வீட்டு அம்மான்னு அதே மரியாதையாக் கேட்டாகன்னா?

ஜெபிப்போம்னு கண்ணை மூடுனேன். ஒண்ணும் வரல. நம்புவீகளா? கூட்டத்துல எழுந்து நின்னா வசனம் வசனமா வர்ற வாயி. அன்னைக்கு ஆண்டவரேங்கிற வார்த்தைக்கு அடுத்த வார்த்தை எனக்குத் தெரியல. அவுகளுக்கு மறந்துச்சோ எனக்கு மறந்துச்சோ, அப்படி ஆயிட்டுது.

ஸ்கேன் எடுத்து முடிச்சுப் படுக்கையில விட்டாக. அன்னைக்கு மத்தியானம் முழுக்க நடந்தது ஒண்ணேதான். அவுக அமைதியாப் படுத்திருப்பாக. திடீர்னு முகம் மாறும். கூரையப் பாப்பாக, கையில குத்தியிருக்க ஊசியப் பாப்பாக, மூச்சு வாங்கும். கட்டிலை விட்டு இறங்கப் போவாக. சீலி, நாம எங்க இருக்கோம்பாக. ஆஸ்பத்திரிம்பேன். எனக்கு என்னாச்சும்பாக. மறதி, சரியாயிரும்பேன். எனக்கு மூளை கலங்கிருச்சாம்பாக. அந்தக் கேள்வி வரும்போது அவுக குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி ஆயிரும். இல்லங்க, டாக்டர் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாகம்பேன். அதுக்கு அடங்கமாட்டாக. ஸ்கேன் நல்லா இருக்காம்பேன். அதுக்கும் அடங்கமாட்டாக. கர்த்தர் பாத்துக்கிடுவாருன்னேன். அதுக்கும் இல்ல. அப்புறம் என் கையப் பிடிச்சு, எம் முகத்தைப் பாத்து, ஒண்ணு கேப்பாக.

“நீ இருக்கேல்லா?”

இருக்கேங்க, இங்கதான இருக்கேன்.

“அப்பஞ் சரி.”

அவ்வளவுதான். மேல ஏறுன தோள்பட்டை கீழ இறங்கிரும். கண்ணை மூடிக்கிடுவாக. நான் மூச்சு விடுததுக்குள்ள திருப்பியும் முகம் மாறும், கூரையப் பாப்பாக.

முதல்ல நான் இதைப் பெருசா எடுத்துக்கிடல. தேஞ்ச ரெக்கார்டுப் பாட்டு மாதிரி ஒண்ணையே திருப்பிச் சொல்லுதாகன்னு நினைச்சேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டோட வந்துச்சு, ஸ்ட்ரோக் இல்லைன்னுச்சு. நான் கேட்டேன், ஏன்மா ஒரே மாதிரியே பேசுதாக, வார்த்தை கூட மாறலியேன்னு. அது சொல்லுச்சு, அவருக்கு ஒவ்வொரு தடவையும் இதுதாம்மா முதல் தடவை, முந்திக் கேட்டது எதுவும் அவருக்கிட்ட இல்ல, அவர் புதுசாப் பயந்து புதுசாக் கேக்காருன்னுச்சு. சொல்லிட்டு அது பாட்டுக்கு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டுது.

புதுசாக் கேக்காகன்னா, ஒரு தடவையாவது வேற மாதிரி கேட்டிருக்கலாம்லா? மகளைக் கேட்டிருக்கலாம். அவுக அண்ணந்தம்பியக் கேட்டிருக்கலாம். டாக்டர் வார்த்தையப் பிடிச்சுக்கிட்டு அடங்கியிருக்கலாம். மனுசனுக்கு எல்லாம் போயி, நடுக்காட்டுல நிக்கும்போது, ஒவ்வொரு தடவையும் தேடித் தேடி அதே எடத்துலதான் வந்து காலை ஊனுதாக.

மருந்து வாங்க ஒரு தடவை கீழ போனேன். திரும்பி வரும்போது வராண்டாவுலயே அவுக சத்தம் கேக்குது. நர்ஸு ரெண்டு பேரு தோளைப் பிடிச்சு, ஐயா, ஒண்ணுமில்ல, படுங்கங்காக. இவுக கட்டிலை விட்டு ஒத்தைக்காலை இறக்கி வச்சுக்கிட்டு, விடுங்க விடுங்கன்னு வாசலையே பாக்காக. நான் உள்ள நுழைஞ்சேன். என்னைப் பாத்ததும் காலை மேல தூக்கி வச்சுக்கிட்டாக. நர்ஸு ஒண்ணு, யம்மா, நீங்க இனி எங்கயும் போவாதீக, மருந்தை நாங்களே வாங்கிக்கிடுதோம்னுச்சு. அதுக்கப்புறம் நான் பாத்ரூமுக்குக் கூடப் போவல.

அந்தக் கட்டிலடியில உக்காந்துதான் எனக்கு ஜெபம் வந்துச்சு. அதை ஜெபம்னு சொல்லலாமோ கூடாதோ, யாருகிட்டயும் நான் கேக்கல. அவுக கேட்டதையே நான் மேல பாத்துக் கேட்டேன். நீர் இருக்கீர்லா? அவ்வளவுதான். பதில் ஒண்ணும் வரல. ஆனா என் தோள்பட்டையும் கீழ இறங்குச்சு. அடுத்து அவுக முழிச்சுப் பயந்து, நான் பதில் சொல்லி, அவுக அடங்கி, அந்த இடைவெளியில நான் பயந்து, கேட்டு, அடங்கி. இப்படியே அந்த மத்தியானம் போச்சு.

வெயில் இறங்குத நேரத்துக்கு நர்ஸு டீ கொண்டாந்துச்சு. ஒரு வாய் குடிச்சு, இதுல சீனியே இல்லன்னாக. நான் சரிங்க, குடிங்கன்னேன். கொஞ்ச நேரம் சன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தாக. நான் அவுக முகத்தையே பாக்கேன், இப்பம் முகம் மாறும், இப்பம் கேப்பாகன்னு. கேக்கல. டம்ளர்ல மிச்சம் இருந்ததை, ஆறிரப் போவுது, குடிச்சிருங்கன்னு நீட்டுனேன். அதுக்கு அவுக எரிச்சலா, அப்பமே சொன்னேன்லா சீனி இல்லைன்னுன்னாக.

அப்பமே சொன்னேன்லா! தங்கச்சி, அவுக சொன்னது அவுகளுக்கு ஞாபகம் இருக்கு. டம்ளரைக் கீழ போட்டுட்டு ஓடுனேன். டாக்டரம்மா யாருக்கோ ஊசி போட்டுக்கிட்டு இருக்கு. அவுகளுக்குச் சீனி ஞாபகம் இருக்கு, சீனி ஞாபகம் இருக்குன்னு கத்துனேன். அங்க இருந்தவுக எல்லாம், மறதி வந்தது எனக்குத்தான்னு நினைச்சிருப்பாக.

அப்புறம் ஒண்ணொண்ணா வந்துச்சு. மக வந்து சேந்தப்ப பேரனைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாக. அவன் கையில என்ன கொப்புளம்னு கேட்டாக. எல்லாம் வந்துட்டுது, அந்தப் பகல் மட்டும் வரல. பஸ்ல ஏறுனது தெரியும், குத்தாலத்துல இறங்குனது தெரியும். அதுக்கு அப்புறம் ஒண்ணும் கிடையாது. அருவிக்கரையில நான் சொன்னதும் அதோட போயிட்டுது. நானும் ஞாபகப்படுத்தல.

இனி இப்படி வராதான்னு டாக்டரம்மாவைக் கேட்டதுக்கு, பெரும்பாலும் வராதும்மான்னுச்சு. பெரும்பாலும். அந்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு நான் ஒரு வருசமாத் தூங்கல. காலையில அவுக காபி போடுத சத்தம் கேட்டதும் எந்திச்சு ஓடிருவேன். இன்னைக்கு என்ன கிழமை, பேரன் பேரு என்னன்னு கேப்பேன். நேத்தும் கேட்டேன், இன்னைக்கும் கேட்டேன். புதங்கிழமை சீலி, அவன் பேரு ஜோயல், இது காபி, சூடா இருக்கு, குடின்னாக. கிழமை மட்டுந்தான் மாறும், மத்தபடி தினமும் இதே பதில்தான். ஒரு நாள் கூடக் கோவிக்க மாட்டாக. நான் எவ்வளவு பயந்துபோயிக் கேக்கேன், அவுகளுக்கு அது வெளையாட்டா இருக்கு பாருங்க.

எங்க சபையில, கர்த்தர் செஞ்சதை எல்லாருக்கும் முன்னால சாட்சியாச் சொல்லச் சொன்னாக. எழுந்து நின்னு, காலையில மறந்துச்சு, சாயங்காலம் கர்த்தர் திருப்பித் தந்தாருன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். கட்டிலடியில நடந்ததைச் சொல்லல. இப்பமெல்லாம் என்னை ஜெபிக்கச் சொன்னா ரெண்டு வார்த்தையில முடிச்சிருதேன். ஜெயசீலி விசுவாசத்துல பின்வாங்கிட்டான்னு பேசிக்கிடுதாகளாம். பேசட்டும். இவுக இப்பமும் ஜெபத்துல தூங்கத்தான் செய்யுதாக. நான் எழுப்புதது இல்ல. குறட்டை கேட்டா, ஸ்தோத்திரம், மூச்சு ஓடுதுன்னு நினைச்சுக்கிடுதேன்.

இன்னைக்கு எதுக்கு வாரோம்னா, அவுகளுக்கு ஒரே ஏக்கம். குத்தாலத்துக்குப் போயும் நனைஞ்சது ஞாபகமில்ல, இன்னொரு தடவை போவோம் சீலிங்காக. முடியாதுன்னு சண்டை போட்டுப் பாத்தேன். கடைசியில, தலைய நனைக்கக் கூடாது, ஓரமா நின்னு பாக்கணும், காலை மட்டும் நனைச்சுக்கிடலாம்னு பேசி வச்சு கூட்டிட்டு வாரேன். அந்தப் பைக்குள்ள துண்டு இருக்கு. நான் வைக்கல. அவுகதான் வச்சிருக்காக. பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

பாவூர்சத்திரம் தாண்டிட்டமா? அந்தா மலை தெரியுது. மேகம் இறங்கி நிக்கு. தண்ணி நல்லா விழும்போலயே.

தங்கச்சி, ஒண்ணு சொல்லுதேன். இறங்கும்போது அவுக உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுவாக, என்ன, எங்க வீட்டம்மா உங்களைத் தூங்க விடலியான்னு. சிரிச்சுக்கோங்க. நான் சொன்னதைச் சொல்லிராதீக. அன்னைக்கு எங் கையப் பிடிச்சு என்ன கேட்டாகங்கிறது அவுகளுக்குத் தெரியாது. மக கிட்டயும் நான் சொல்லல. நீங்க யாரோ எவரோ, அதான் உங்ககிட்டச் சொல்லிட்டேன்.

அவுககிட்டச் சொல்லலாம்தான். கேட்டா சந்தோசப்படுவாக. ஆனா சொல்லிட்டா அது அவுக மனசுல தங்கிரும்லா? திருப்பி ஒரு நாள் அப்படி வந்து, அன்னைக்கும் எங் கையப் பிடிச்சு அதையே கேட்டாகன்னா, அது அவுகளாக் கேட்டதா, நான் சொல்லிக்குடுத்ததான்னு எனக்கு எப்படித் தெரியும்?

அந்த மறதி திருப்பி வரவே கூடாதுன்னுதான் ஆண்டவர்கிட்ட கேக்கேன். வந்துட்டா, அன்னைக்கும் அதைக் கேப்பாகளா, மாட்டாகளான்னுதான் பயமா இருக்கு.

சரி, அவுக எந்திச்சிட்டாக. வண்டி நிக்கதுக்கு முந்தி எந்திக்காதீகன்னு எத்தனை தடவை சொன்னாலும் கேக்கமாட்டாக. நீங்க மெதுவா வாங்க தங்கச்சி, நான் முந்திப் போயிருதேன்.